ஒரு நாள் கட்டிய பெட்டி

வெங்கடம்மா: ...அதான் சொல்றேன், உள்ள போனா நீ வாயத் தொறக்காத. அவரு கேட்டா "ஆமா சார்", "இல்ல சார்". அதோட நிறுத்திக்கோ.

அகிலா: பேசிக்கினே கீறது நீ. நான் கம்முனு தாம்மா உக்காந்துக்கினு கீறேன்.

வெங்கடம்மா: வாய் கம்முனு கீது. மொகம் தான் ஊருக்கே சொல்லிக்கினு கீது.

அகிலா: மெதுவா பேசு. பக்கத்துல ஆளு கீது.

வெங்கடம்மா: யாரு, அந்த மொட்டையா? பாவம், மலைக்கு நடந்தே ஏறி முடி குடுத்தாராம். எறங்கி வந்ததும் நெஞ்சப் புடிச்சிக்கினாராம். அவரு பொண்டாட்டி சொன்னா.

அகிலா: அதுக்குள்ள கதையெல்லாம் கேட்டுட்டியா?

வெங்கடம்மா: பின்ன இன்னா, ரெண்டு மணி நேரமா செவுத்தையே பாக்கச் சொல்றியா? அவளும் கேட்டா, உங்களுக்கு யாருக்கு ஒடம்பு சரியில்லன்னு. யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா, எம் பொண்ணு பிளேன் ஓட்டப் போவுது, அதுக்கு நெஞ்சு நல்லா கீதுன்னு ஒரு காகிதம் வாங்கணும்னேன். என்ன ஏற எறங்கப் பாத்தா.

அகிலா: உன் புடவையப் பாத்திருப்பா. நகரியில பவர்லூம் ஓட்டறவ பொண்ணு பிளேன் ஓட்டுதாம்னு.

வெங்கடம்மா: பாக்கட்டும். நான் என்ன பொய்யா சொன்னேன்?

அகிலா: ஓட்டப் போவுதுன்னு சொன்னது பொய். ஓட்டிக்கினு கீறேன். நாப்பத்திரண்டு மணி நேரம்.

வெங்கடம்மா: அதையும் சொன்னேன். தனியா ஒரு தரம் பறந்துச்சுன்னும் சொன்னேன்.

அகிலா: ...ரெண்டு தரம்.

வெங்கடம்மா: ரெண்டா? ஒண்ணுன்னு தானேடி சொன்ன?

அகிலா: அன்னிக்கு நீ சாமி ரூம்ல போயி உக்காந்துட்டன்னு பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணாங்க. நான் எறங்கி, சோறு துன்னு, தூங்கி எழுந்த வரைக்கும் நீ எழுந்திரிக்கலியாம். அதான் ரெண்டாவத சொல்லல.

வெங்கடம்மா: உன்ன... வீட்டுக்கு வா, வெச்சிக்கிறேன்.

அகிலா: சொறியாதம்மா.

வெங்கடம்மா: வேர்க்குரு. எரியுது.

அகிலா: புடவைய இழுத்து விட்டுக்கோ. மாடிப்படி ஏறினதுக்கு இன்னும் மூச்சு வாங்குது உனக்கு.

வெங்கடம்மா: லிஃப்ட்டு நின்னு போச்சுன்னா மூணு மாடி ஏறறவளுக்கு மூச்சு வாங்காம பாட்டா வரும்? அத வுடு. இந்தக் காகிதம் குடுத்துட்டா முடிஞ்சுது தானே? வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்களே?

அகிலா: எத்தினி வாட்டிம்மா சொல்றது... சின்ன மெடிக்கல்ல பாஸ் ஆயி தான் இவ்ளோ நாள் ஓட்டினேன். சம்பளத்துக்கு ஓட்டறதுக்குப் பெரிய மெடிக்கல் வேணும். அதுல இசிஜி சரியில்ல, ஹார்ட் டாக்டர் கிட்டப் போயி எக்கோவும் நெஞ்சுல கட்டற இருவத்திநாலு மணி நேரப் பொட்டி ரிப்போர்ட்டும் வாங்கிக்கினு வான்னாங்க. அது வர்ற வரைக்கும் டெம்பரரி அன்ஃபிட்.

வெங்கடம்மா: அந்த வார்த்தைய இங்க சொல்லாத.

அகிலா: எது, டெம்பரரியா?

வெங்கடம்மா: அதுக்கு அடுத்தது.

அகிலா: நீ சொல்லாட்டி அது ஓடிப் போயிடுமா? மூணு மாசமா என் செட்டு பசங்க எல்லாம் பறந்துக்கினு கீறாங்க. நான் மட்டும் ஹாஸ்டல் மாடியில துணி காயப் போட்டுக்கினு அவங்க எறங்கறத எண்ணிக்கினு கீறேன். நம்ம கிரண்குமாரு கேக்கறான், "என்னா அகிலா, செடி மாதிரி ஒரே எடத்துல வேர் வுட்டுட்ட"ன்னு.

வெங்கடம்மா: அவன் கெடக்கறான். ரெண்டு நாளு. அப்புறம் நீயும் போவ.

அகிலா: ...எனக்குப் பயமா கீதும்மா.

வெங்கடம்மா: எதுக்குப் பயம்? பொட்டி ரிப்போர்ட்டு நல்லா தான் வரும். எனக்குத் தெரியும்.

அகிலா: அதுக்கில்ல. அந்த மெடிக்கல் ஃபாரத்துல மயக்கம் வந்துருக்கான்னு ஒரு கேள்வி இருந்துது. இல்லன்னு போட்டேன். கீழ கையெழுத்து போட்டேன். அதுக்கு மேலயே எழுதியிருந்துது, சொன்னது பொய்யின்னு தெரிஞ்சா சர்டிபிகேட் ரத்துன்னு. ஒரு வாட்டி பொய்க்காரின்னு பேர் வாங்கிட்டா அப்புறம் எந்த போர்டும்மா என்ன நம்பும்?

வெங்கடம்மா: அது மயக்கமா? காலையில இருந்து ஒண்ணும் துன்னாம பரீட்சை எழுதிட்டு வந்து படியில உக்காந்த. கண்ணு கொஞ்சம் இருட்டுச்சு. அதுக்கு மயக்கம்னு பேரா?

அகிலா: அத போன்ல சொன்னதுக்கு நீ தான் அழுத. நான் அழல.

வெங்கடம்மா: ...சரி, அத இங்க பேசாத.

அகிலா: மேல சத்தம் கேக்குதா? ஐதராபாத் பிளேன். ரேணிகுண்டாவுல எறங்கப் போவுது. சக்கரத்த வுட்டுட்டான்.

வெங்கடம்மா: எப்பிடிடி சத்தத்துல கண்டுபுடிக்கற?

அகிலா: நீ தூங்கிக்கினே எந்தத் தறியில நூல் அறுந்துதுன்னு சொல்ற இல்ல? அப்பிடித் தான்.

வெங்கடம்மா: நான் இத்தினி வயசுக்கு அதுக்குள்ள கால வெக்கல. திருப்பதிக்கு எத்தினி வாட்டி வந்துக்கீறேன், எல்லாம் தலைக்கு மேல தான் போவுது.

அகிலா: நான் ஓட்டற மொத வண்டியில மொத ஆளா நீ தான் உக்காரணும். "உக்காரும்மா"ன்னு நானே கைய புடிச்சி உக்கார வெப்பேன். பெல்ட்டும் நானே போட்டு வுடுவேன்.

வெங்கடம்மா: பயத்துல நான் கத்தினா?

அகிலா: மைக்குல சொல்லிடுவேன், "பயணிகள் பொறுத்துக்கணும், கத்தறது எங்க அம்மா"ன்னு.

வெங்கடம்மா: போடி... ஏ, கூப்புடறாங்க. அகிலா தனசேகர். எழுந்திரு. "ஆமா சார்", "இல்ல சார்". ஞாபகம் வெச்சிக்கோ.

*

டாக்டர் ஸ்ரீஹரி: வாம்மா, உக்காரு. அம்மா, நீங்களும் உக்காருங்க. நகரி தானே? அப்ப தமிழ்லயே பேசலாம். நான் புத்தூர்ல ஸ்கூல் படிச்சவன்.

வெங்கடம்மா: நல்லதா போச்சு சார். உங்களப் பத்தி எல்லாரும் தங்கமான மனுஷன்னு தான் சொன்னாங்க.

டாக்டர் ஸ்ரீஹரி: ரிப்போர்ட் பாத்தப்புறம் அதையே சொல்றீங்களான்னு பாக்கலாம். ...அகிலா, மொதல்ல எக்கோ. உன் இதயத்துச் செவுரு ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பா இருக்கு. பார்டர்ல நிக்குது. இது ஒண்ணு மட்டும்னா நான் ரொம்பக் கவலப்பட மாட்டேன்.

அகிலா: மட்டும்னான்னா... சார்?

டாக்டர் ஸ்ரீஹரி: பொட்டி ரிப்போர்ட் வேற கத சொல்லுது. முந்தாநேத்து காலையில பத்தரைக்குக் கட்டி விட்டாங்க. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் சுத்தமா இருக்கு. ஒரு துடிப்பு கூடப் பிசகல. மீதியும் இதே மாதிரி இருந்திருந்தா, "ஆறு மாசம் கழிச்சு மறுபடி எக்கோ பாக்கலாம், இப்போதைக்குப் பெருசா ஒண்ணும் இல்ல"ன்னு எழுதிக் குடுத்திருப்பேன். போர்டும் யோசிச்சிருக்கும்.

அகிலா: ...நாலு மணி வரைக்கும் சுத்தமா இருந்துதா சார்?

டாக்டர் ஸ்ரீஹரி: ரொம்ப சுத்தம். நாலு மணி அஞ்சுல இருந்து ஏழு நிமிஷம் கோடே இல்ல. கழட்டினியா?

அகிலா: ...ஒயரு கழண்டுச்சு சார். திரும்ப ஒட்டிக்கினேன்.

டாக்டர் ஸ்ரீஹரி: குளிக்காதன்னு சொல்லியிருப்பாங்களே. சரி, பரவாலேது. ஒட்டற எடம் மாறினா கோடு கொஞ்சம் மாறும். ஆனா அதுக்கப்புறம் பாரு... இங்க ஒரு துடிப்பு தப்புது. இங்க ரெண்டு. ராத்திரி முழுக்க அங்கங்க. அப்புறம் விடியக் காலம் அஞ்சு பன்னண்டு. முப்பத்தெட்டு செகண்டு. நிமிஷத்துக்கு இருநூத்திப் பத்துன்னு இதயத்தோட கீழ் அறை தன்னால ஓடுது.

வெங்கடம்மா: ஓடினா நல்லது தானே சார்?

டாக்டர் ஸ்ரீஹரி: இது ஓட்டம் இல்லம்மா. பெல்ட்டு அறுந்த மோட்டார் எப்பிடிச் சுத்தும்? சத்தம் பெருசா வரும், தறி நகராது இல்ல? அப்பிடி. ரத்தம் வெளிய போகாது. இன்னும் கொஞ்ச நேரம் நீடிச்சிருந்தா... ம். தானா நின்னுது. கடவுள் புண்ணியம்.

வெங்கடம்மா: மெஷினு தப்பா காட்டியிருக்கும் சார். கரண்ட்டு ஏத்த எறக்கம் எங்க ஊர்ல ஜாஸ்தி.

டாக்டர் ஸ்ரீஹரி: பொட்டிக்குள்ள பேட்டரி தான்ம்மா. அகிலா, டைரியில என்ன எழுதியிருக்க... "ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் தூக்கம்". நெஜமா தூங்கிக்கினு இருந்தியா?

அகிலா: ஆமா சார்.

டாக்டர் ஸ்ரீஹரி: தூங்கற பொண்ணுக்கு நாலரையில இருந்தே நூத்தி இருவது ஓடாதே. பளு தூக்கறவங்களுக்கு ஓடற மாதிரி ஓடுது.

வெங்கடம்மா: எழுந்திருந்துச்சு சார். அத எழுத மறந்திருக்கும். எங்க தெருவுல நாலரைக்கே கொழாயில தண்ணி வந்துடும். கொடம் தூக்கியிருக்கும்.

டாக்டர் ஸ்ரீஹரி: அவள சொல்ல விடுங்க. அகிலா, தண்ணி தூக்கினியா?

அகிலா: ...ஆமா சார்.

டாக்டர் ஸ்ரீஹரி: அப்ப கண்ணு இருட்டுச்சா? உக்காந்தியா?

அகிலா: ஞாபகம் இல்ல சார்.

டாக்டர் ஸ்ரீஹரி: சரி. வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா? அப்பா இருக்காரா?

வெங்கடம்மா: இல்ல சார். இவளுக்கு ஏழு வயசுல போயிட்டாரு. முப்பத்தாறு அவருக்கு. கரண்ட்டு. தறி ஷெட்டுல மோட்டார்ல கை வெச்சிட்டாரு.

டாக்டர் ஸ்ரீஹரி: கரண்ட்டு தானே? நிச்சயமா?

வெங்கடம்மா: ஊரே பாத்துது சார்.

டாக்டர் ஸ்ரீஹரி: சொந்தத்துல கல்யாணமா உங்களுக்கு?

வெங்கடம்மா: எங்க அம்மா கூடப் பொறந்தவரு. தாய்மாமன்.

டாக்டர் ஸ்ரீஹரி: ம்... இந்தப் பக்கம் எல்லாம் மேனரிகம் தான். மாமன இல்லன்னா அத்த மகன.

அகிலா: சார்... லெட்டர்ல என்ன எழுதுவீங்க?

டாக்டர் ஸ்ரீஹரி: இருக்கறத எழுதுவேன். ஃபிட்டா அன்ஃபிட்டான்னு சொல்ற வேலை என்னுது இல்ல, போர்டுது.

அகிலா: மருந்து துன்னு சரி பண்ணிட்டா? ஆபரேஷன் பண்ணிட்டா?

டாக்டர் ஸ்ரீஹரி: பாரும்மா, நெஞ்சு நோவுன்னா எல்லாருக்கும் கதவு அடைச்சிடறது இல்ல. சின்ன வயசுல இதயத்துல ஓட்ட இருந்து அடைச்சவங்க பிளேன் ஓட்டறாங்க. இதயத்துக்குள்ள கூடுதலா ஒரு கரண்ட் பாத இருந்து, அதச் சுட்டு விட்டவங்க ஓட்டறாங்க. கொஞ்ச காலம் உக்கார வெப்பாங்க, டெஸ்ட் மேல டெஸ்ட் எடுப்பாங்க, அப்புறம் விடுவாங்க. ஆனா இந்த முப்பத்தெட்டு செகண்டு இருக்கு பாரு... இதுக்கு நெஞ்சுக்குள்ள ஒரு கருவி வெக்கணும். நின்னு போனா ஷாக் குடுத்து எழுப்பற கருவி. அத வெச்சிக்கினவங்கள காக்பிட்ல உக்கார விடறது கஷ்டம்.

அகிலா: கஷ்டம்னா?

டாக்டர் ஸ்ரீஹரி: ...நான் உனக்குப் பொய்யா ஆச காட்ட மாட்டேன். மேல இருக்கும்போது முப்பத்தெட்டு செகண்டு நெனவு இல்லன்னா என்ன ஆவும்? என்ன விட உனக்குத் தான் தெரியும்.

அகிலா: முந்நூறு அடியில இருந்து சக்கரம் தரையத் தொடறதுக்கு அவ்ளோ நேரம் தான் சார் ஆவும்.

டாக்டர் ஸ்ரீஹரி: அர்த்தம் பண்ணிக்கினா சரி. பிளேன் விஷயம் அப்புறம். இப்ப உயிர் விஷயம். இன்னிக்கு நீ வீட்டுக்குப் போகக் கூடாது. அட்மிட் பண்றேன்.

வெங்கடம்மா: இன்னிக்கேவா? துணி மணி கூட எடுத்துக்கினு வரலியே சார். நாளைக்கு வந்து சேந்துக்கறோம்...

டாக்டர் ஸ்ரீஹரி: அம்மா, மறுபடி ஒரு தரம் வந்தா அது முப்பத்தெட்டோட நிக்கும்னு நான் எழுதித் தர முடியாது. அடுத்த மாடிப்படியில வரலாம், பஸ்ஸுல வரலாம். ஐசியூவுல எடம் சொல்லிட்டு, சக்கர நாற்காலி கொண்டாரச் சொல்றேன். வெளிய பெஞ்சில உக்காருங்க. அகிலா, எழுந்து சுத்தாத. பத்து நிமிஷம்.

*

வெங்கடம்மா: எழுந்திரு. போலாம்.

அகிலா: எங்க?

வெங்கடம்மா: பஸ் ஸ்டாண்டுக்கு. கேண்டீன் பக்கத்துல இன்னொரு படி கீது. வரும்போதே பாத்து வெச்சேன்.

அகிலா: உக்காரும்மா.

வெங்கடம்மா: உக்கார நேரம் இல்ல. அவரு இன்னும் லெட்டர் எழுதல. இந்த ஒரு காகிதம் தானே? கிழிச்சிப் போடு. சித்தூர்ல பாப்போம், வேலூர் போவோம். புதுசா பொட்டி கட்டுவோம். இந்த வாட்டி வேற ஏற்பாடு பண்ணலாம்.

அகிலா: உக்காரும்மான்னு சொல்றேன். பதறாத.

வெங்கடம்மா: பதறாம? நாலு மணி வரைக்கும் சுத்தமாம்! கேட்ட இல்ல? ஒரு துடிப்பு கூடப் பிசகலியாம்! ஐயோ, நான் ஒரு முண்டம். கம்முனு இருந்திருந்தா ஆறு மாசம் கழிச்சு வான்னு சொல்லி அனுப்பியிருப்பாரு...

அகிலா: மெதுவா.

வெங்கடம்மா: எல்லாம் என் புத்தி. நல்லது பண்றேன்னு உன் வாயில மண்ண போட்டேன்.

அகிலா: அஞ்சு பன்னண்டுக்கு நீ எங்கம்மா இருந்த?

வெங்கடம்மா: ...ஷெட்டுல. எங்க இருப்பேன்?

அகிலா: என்னா பண்ணிக்கினு இருந்த?

வெங்கடம்மா: தறியில நூல் சுத்தின பாவு உருளைய ஏத்தணும்னு நாலரைக்கே போயிட்டேன். அன்னிக்குன்னு பாத்து ஆளு வரல. நானே தூக்கி வெச்சேன்.

அகிலா: நீயே தூக்கினியா?

வெங்கடம்மா: இன்னாத்துக்குக் கேக்கற இப்ப?

அகிலா: சும்மா. நைனாவும் பாவு தூக்கும்போது தானே போனாரு?

வெங்கடம்மா: ...கரண்ட்டுல போனாரு.

அகிலா: எனக்கு அந்த நாளு ஞாபகம் கீதும்மா. ஸ்கூல்ல ஃபேன் ஓடல. வேர்க்குதுன்னு எங்கள வேப்ப மரத்தடியில உக்கார வெச்சிருந்தாங்க. அங்க தான் ஆதிகேசவன் பெரியப்பா வந்து என்னத் தூக்கிக்கினு வந்தாரு.

வெங்கடம்மா: ஏழு வயசுல என்னாடி ஞாபகம்?

அகிலா: ஊர்ல கரண்ட்டு இருந்துதா அன்னிக்கு?

வெங்கடம்மா: இப்ப எதுக்கு அது?

அகிலா: சொல்லும்மா. இங்க வேற யாரும் இல்ல. அந்த மொட்டைக்காரரையும் உள்ள கூட்டிக்கினு போயிட்டாங்க.

வெங்கடம்மா: ...அன்னிக்கு கரண்ட்டே இல்ல.

அகிலா: ம்.

வெங்கடம்மா: காலையில இருந்தே இல்ல. கரண்ட்டு வர்றதுக்குள்ள பாவு ஏத்தி வெச்சிடலாம்னு தூக்கினாரு. வெச்சிட்டு, "வெங்கடம்மா, கண்ணு இருட்டுது, பித்தம் போல கீது"ன்னாரு. நான் எலுமிச்சம்பழம் எடுக்க வீட்டுக்கு ஓடினேன். வந்து பாத்தா மோட்டார் மேல கைய வெச்ச மாதிரியே சாஞ்சி கெடந்தாரு. பாத்தவங்க அவங்களாவே கரண்ட்டுன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல.

அகிலா: ஏன்?

வெங்கடம்மா: அதுக்கு முன்ன ரெண்டு வாட்டி அப்பிடி வந்துது அவருக்கு. திருப்பதி போயி காட்டலாம் மாமான்னு நான் கெஞ்சுவேன். நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கினே போனாரு. நெஞ்சு நோவு வந்து செத்தாருன்னு சொன்னா, அந்த வீட்டுப் பொண்ண எவன் கட்டுவான்? வெளிய தெரியாம உன்ன எப்பிடி ஆளாக்கறதுன்னு தான் அந்த நிமிஷத்துல தோணுச்சு. பொணத்த வெச்சிக்கினு நான் அத யோசிச்சேன். போதுமா?

அகிலா: அழாத.

வெங்கடம்மா: நீ ஹாஸ்டல் படியில உக்காந்தேன்னு போன்ல சொன்ன இல்ல, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மாமா ரத்தம் இவளுக்கு எறங்கிட்டுதுன்னு. அதான்... அதான் இவ்ளோ ஏற்பாடு பண்ணேன். அது அவரோட நோவு. என் பக்கம் சுத்தம்னு நெனச்சேன். இருவது வருஷம் தறி ஓட்டின ஒடம்பு இது.

அகிலா: நைனா உனக்கு யாரும்மா?

வெங்கடம்மா: இன்னாடி கேள்வி? புருஷன்.

அகிலா: தாலி கட்டறதுக்கு முன்ன?

வெங்கடம்மா: மாமன். எங்க அம்மா கூடப்...

அகிலா: ம். சொல்லு.

வெங்கடம்மா: ...கூடப் பொறந்தவரு.

அகிலா: அப்ப அந்த ரத்தத்துல உனக்குப் பங்கு இல்லியா?

வெங்கடம்மா: எனக்கு அது தோணவே இல்லடி.

அகிலா: ஏரோடைனமிக்ஸ் எல்லாம் படிச்சேன். எனக்கும் அது தோணலம்மா. நைனா நோவுன்னா நைனாவோடன்னு... உன் கணக்கையே நானும் நம்பிட்டேன்.

வெங்கடம்மா: அகிலா, இங்க பாரு. இத இங்கயே புதைச்சிடு. நாளைக்கு நகரியில நம்ம டாக்டர் கிட்டக் காட்டிக்கலாம். பித்தத்துக்கு மாத்திர குடுப்பாரு.

அகிலா: நாளைக்குன்னு தானே நைனாவும் சொன்னாரு.

வெங்கடம்மா: நீ வாயத் தொறந்தா உன் கதை முடிஞ்சுது. நீயே தானே சொன்ன, பொய்க்காரின்னு பேர் வாங்கினா எவனும் நம்ப மாட்டான்னு. நாப்பத்திரண்டு மணி நேரம்டி! நான் பாவு தூக்கினது எதுக்கு? இதுக்கா? உன் தலை மேல கை வெச்சிச் சொல்றேன்...

அகிலா: சத்தியம் வாங்காதம்மா. வாங்கினா மீற வேண்டி வரும்.

வெங்கடம்மா: உன் காலப் புடிக்கறேன்.

அகிலா: சத்தம் போடாத. வராரு.

*

டாக்டர் ஸ்ரீஹரி: எடம் கெடச்சிடுச்சு. இதோ நாற்காலியும் வந்தாச்சு. அகிலா, மெதுவா எழுந்து உக்காரு. தானா நடக்க வேணாம்.

வெங்கடம்மா: நாங்க போறோம் சார். எங்களுக்கு வேணாம்.

டாக்டர் ஸ்ரீஹரி: என்னம்மா பேசறீங்க?

வெங்கடம்மா: எங்க பொண்ணு, எங்க இஷ்டம். எங்க கையெழுத்து போடணும் சொல்லுங்க, போட்டுட்டுப் போறோம்.

டாக்டர் ஸ்ரீஹரி: உங்க மேல கோவம் இல்ல எனக்கு. பொண்ணோட கனவு போச்சேன்னு வயித்தெரிச்சல், புரியுது. ஆனா அந்தக் கோட்டப் பாத்தப்புறம் நான் தூங்க முடியாதும்மா. அது யாருதா இருந்தாலும், இந்த ஆஸ்பத்திரி வாசலத் தாண்ட விட மாட்டேன்.

அகிலா: யாருதா இருந்தாலுமா சார்?

டாக்டர் ஸ்ரீஹரி: யாருதா இருந்தாலும். என்னோட சொந்த அம்மாவா இருந்தாலும்.

வெங்கடம்மா: அகிலா... வேணாம். உன்ன நான் எதுவுமே கேட்டதில்ல. இது ஒண்ணு கேக்கறேன்.

அகிலா: லெட்டர் எழுதிட்டீங்களா சார்?

டாக்டர் ஸ்ரீஹரி: இன்னும் இல்ல. ஏம்மா?

அகிலா: அப்ப இதையும் சேத்து எழுதிக்கோங்க. ஃபாரத்துல மயக்கம் இல்லன்னு போட்டேன், ஒரு வாட்டி வந்துது. எங்க நைனா கரண்ட்டுல போகல, நெஞ்சுல தான் போனாரு. அப்புறம் அந்தப் பொட்டி... சாயங்காலம் நாலு மணி வரைக்கும் தான் சார் என் மேல இருந்துது. நாலு அஞ்சுக்குக் கழட்டினேன். நர்ஸு ஒட்டினத போன்ல போட்டோ புடிச்சி வெச்சிருந்தேன், அதப் பாத்து ஒயர் ஒயரா எங்க அம்மா நெஞ்சுல நான் தான் ஒட்டி வுட்டேன். நான் தூங்கினது நெஜம் சார். அஞ்சு பன்னண்டுக்குப் பாவு தூக்கினது அவங்க. நாற்காலி எனக்கு இல்ல. ...உக்காரும்மா. கையக் குடு, நானே புடிச்சிக்கிறேன். உக்காரு.